அழகுக்கு வைத்த செடி

"ஒத்தைச் செம்பருத்தியாப் பாத்துப் பறிக்கோணுமுங்க தம்பி. அடுக்கு ஆகாது. ஏன்னா..."

ஏன்னா என்று தொடங்கி அந்த அம்மா ஏதோ சொன்னார். மீதி எனக்கு ஞாபகம் இல்லை. ஆபீஸ் போனுக்காகக் காதில் கருவி மாட்டியிருந்தேன். மறுமுனையில் மெல்போர்னிலிருந்து ஆபீஸ்காரர்கள் ஒருவர் பேச்சுக்கு மேல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிதான் காதில் விழுந்தது. இது என்ன செடி என்று நீங்கள் கேட்டீர்கள் இல்லையா, அதனால் அந்தப் பேச்சு வந்தது. இது அதுதான், ஒற்றைச் செம்பருத்தி. இன்னும் மொட்டு விடவில்லை.

மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லை. ஏறும்போதே கண்டக்டர் கேட்டுவிட்டார், "செடிக்கு ஜன்னலோரமா சீட்டு வேணுமுங்களா சார்?" என்று. நீங்கள்தான் சிரிக்காமல் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். அந்தப் பையா? அது காலடியிலேயே இருக்கட்டும். இல்லை, இல்லை, நீங்கள் எடுக்க வேண்டாம். கனமில்லை.

கோமங்கலம் போகிறேன். பொள்ளாச்சி தாண்டி. தெரிந்தவர்கள் வீடு. தெரிந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது, எங்கள் வீதியில் இருந்தவர்கள். வீட்டில் கார் நிற்கிறது. ஆனால் பாருங்கள், காரில் வந்தால் எந்த இடத்தில் வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். பஸ்ஸை நாம் திருப்ப முடியாதே.

உங்களுக்கு உடுமலையா? வாசலில் இடம் சும்மா கிடக்கிறதா? அப்படியென்றால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நாங்கள் மெல்போர்னிலிருந்து திரும்பி வந்து வடவள்ளியில் வீடு வாங்கியபோது அந்தச் செடி வீட்டோடு வந்தது. முன்பு இருந்தவர்கள் வைத்தது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பாதி உள்ளே, பாதி வீதியில் சாய்ந்திருந்தது. நல்ல சிவப்பு. அங்கே இருந்த வருஷமெல்லாம் நான் ரோஜா வளர்த்தவன். அந்த ஊரில் செடி என்றால் பார்ப்பதற்கு. பூத்தால் பார்ப்போம், வாடினால் வெட்டிப் போடுவோம். ஒருவன் பூவை இன்னொருவன் தொடமாட்டான். தொட்டால் போலீஸ்கூட வரலாம். மிகைப்படுத்தவில்லை.

இங்கே எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலையில் நடக்க வருகிறவர்களில் சிலர் கையை வீசிக்கொண்டு வருவார்கள். சிலர் பையும் கொக்கியுமாக வருவார்கள். சாமிக்குப் பூ என்றால் கேட்டுப் பறிக்க வேண்டியதில்லை என்று ஒரு சட்டம் நம் ஊரில் இருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறதோ தெரியாது, எல்லோருக்கும் மனப்பாடம். நான் காபி டம்ளரோடு வெளியே வரும்போது செடி மொட்டையாக நிற்கும். வீதிப் பக்கம் மட்டுமா? கர்ட்டன் கம்பியின் முனையை வளைத்துக் கொக்கியாக்கி, சுவரைத் தாண்டி உள்ளே இருக்கிற கிளையையும் இழுத்திருப்பார்கள். நுனி முறிந்து தொங்கும்.

அந்த அம்மாவுக்குத் தெய்வாத்தாள் என்று பெயர். பட்டன் வைத்த ஸ்வெட்டர், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. அவர் வீட்டுக்காரர் திருமூர்த்தி, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிர்ப்பக்கம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார். நிற்பார் என்றால் சும்மா இல்லை. "போதும் தெய்வா, சாமி பயந்துக்கப் போகுது" என்பார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க சும்மா நில்லுங்க, மூச்சு வாங்குது, பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்லை" என்பார். நான் மாடியில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுச் செடிக்கடியில் நின்றுகொண்டு அவர்கள் வீட்டுப் பேச்சு.

ஒருநாள் கேட்டுக்குப் போய் நின்றேன். அன்றைக்குத்தான் அந்த ஒற்றைச் செம்பருத்திப் பேச்சு. "இந்த வீதியில உங்க வூட்டுலதானுங்க இருக்குது தம்பி, மத்ததெல்லாம் அடுக்கு" என்றார். நான் காதைச் சுட்டிக் காட்டினேன், பேச முடியாது என்று. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கையை ஆட்டினேன். போங்கள் என்றுதான் ஆட்டினேன். அதை அந்த அம்மா எடுத்துக்கொண்டது வேறு. மறுநாளிலிருந்து கொக்கி இன்னும் தைரியமாக உள்ளே வந்தது.

என் மனைவி சுகந்தி ஒருநாள் கேட்டாள், "செடி உங்க பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கு, சரி. பூவுமா?" அவள் விடவில்லை. "அங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாம அத்தனை வருஷம் இருந்துட்டு வந்தோம். இங்க வந்து நாலு பேர் பேர் தெரிஞ்சதே பூ பறிக்கிறவங்களாலதான். அவங்களையும் துரத்திடுங்க." நான் துரத்தவில்லை. இதைக் கவனியுங்கள். ஒருமுறைகூட யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

பிறகுதான் பூச்சி வந்தது.

முதலில் எறும்பு. தண்டில் வரிசையாக மேலே போவதும் கீழே வருவதுமாக. எறும்புதானே என்று விட்டேன். எறும்பு ஏறுகிறதென்றால் மேலே அதற்கு ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம். இலையைத் தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டியது. கீழ் இலைகளில் கரி பூசினாற்போல ஒரு கறுப்பு. கொழுந்தைப் பிரித்துப் பார்த்தால் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. கொழுந்து சுருண்டு, தடித்து, கைமுஷ்டி மாதிரி மூடிக்கொண்டிருந்தது. மொட்டில் அசுவினிப் பூச்சி வேறு, பச்சைப் புள்ளிகளாக அப்பிக்கொண்டு. மொட்டு விரியாமலே உதிர்ந்தது. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாகக் கழிக்கும், அதற்காக எறும்பு அதைக் காவல் காக்கும். கிளைக்குக் கிளை எறும்பே தூக்கிக்கொண்டு போய் வைக்கும் என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட ஒரு ஆள் கிடைத்த மாதிரி.

முறையாகத்தான் செய்தேன். பூச்சி பிடித்த நுனிகளை வெட்டிக் கவரில் கட்டி எரித்தேன். ஓஸ் குழாயை வைத்து இலைக்கு அடியில் வேகமாகத் தண்ணீர் அடித்தேன். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து சாயங்கால வெயிலில் தெளித்தேன். எறும்பு ஏறாமல் இருக்க அடித்தண்டில் துணி சுற்றி கிரீஸ் தடவினேன். வாரக் கணக்கில் இதே வேலை. கொஞ்சம் குறைந்தது. அந்தச் சமயத்தில் பெரிய மாவுப்பூச்சிகள் சில கண்ணில் பட்டன. மற்றதைவிட நீளம், முதுகெல்லாம் வெள்ளைக் குஞ்சம், வேகமாக ஊர்ந்தன. தலைவன் அகப்பட்டான் என்று ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினேன். பிறகு போனில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்பதற்காக வருகிற ஒரு பொறிவண்டின் புழு. பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்குமாம். உதவிக்கு வந்ததை உட்கார்ந்து நசுக்கியிருக்கிறேன். சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

அந்த நாளெல்லாம் தெய்வாத்தாள் வந்துகொண்டுதான் இருந்தார். "பூச்சி உழுந்துருச்சுங்களா? அரிசி கழுவுன தண்ணியக் காட்டிப் பாருங்க" என்றார் ஒருநாள். இருந்த நாலைந்து பூவையும் பறித்துக்கொண்டு யோசனை சொல்கிறார்! நான் குனிந்து கிரீஸ் தடவுகிறேன், என் தலைக்கு மேலே கொக்கி போகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பூச்சி திரும்பவும் ஏறியது. மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். தெளிக்க வேண்டியதில்லை, தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றினால் போதும், செடியின் உடம்பு முழுக்க ஏறிவிடும், எங்கே கடித்தாலும் பூச்சி சாகும் என்றார். இலை, தண்டு, மொட்டு, பூ, எல்லாவற்றிலும். "என்ன செடிங்க?" என்றார். செம்பருத்தி என்றேன். "பூவை வூட்டுல யாராச்சும் திங்கறது, காய்ச்சறது உண்டுங்களா?" என்று கேட்டார். அப்போது எனக்கு அந்தக் கஷாயம் நினைவுக்கு வந்து... இல்லை, வரவில்லை. அப்போது வரவில்லை. பிற்பாடு வந்ததை முன்னாடி சொல்லிவிட்டேன். "அழகுக்கு வெச்ச செடிங்க" என்றேன். உண்மைதானே? எங்கள் வீட்டில் யாரும் தின்பதில்லை. அவர் எங்கள் வீட்டைத்தானே கேட்டார்?

ஊற்றினேன். கையுறை போட்டு, முகத்துக்குத் துணி கட்டி, லேபிளில் போட்டிருந்தபடியே. லேபிளை முழுக்கப் படித்தேன். தமிழிலும் இருந்தது, இங்கிலீஷிலும் இருந்தது, இரண்டையும் படித்தேன். ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கலாம், மருந்து விட்டிருக்கிறது என்று. மாட்டினால் பேச்சு வரும். எதுக்குங்க தம்பி, என்ன மருந்துங்க, எப்பங்க விட்டீங்க. எனக்குப் பேச வேண்டாமென்று இருந்தது. பூச்சியும் போகும், இதுவும் ஒருவழியாக நின்றுபோகும் என்று... அப்படியெல்லாம் நினைக்கவில்லை. பூச்சி போக வேண்டும் என்று மட்டும்தான்.

போயிற்று. எறும்பு இறங்கிப் போய்விட்டது. பஞ்சு காய்ந்து உதிர்ந்தது. பத்துப் பதினைந்து நாளில் புதுக் கொழுந்து, மொட்டு, பிறகு பூ. இலைக்கு இலை பூ. அப்படி ஒரு சிவப்பை அதற்கு முன்பு அந்தச் செடியில் நான் பார்த்ததில்லை. படம் எடுத்து மெல்போர்ன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மறுநாள் காலை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் காபி. அந்த அம்மா வந்தார். பூவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எதிர்ப்பக்கம் திரும்பி, "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, மாரியாத்தா நிக்கற மாதிரி இருக்குது" என்றார். திருமூர்த்தி தடியை ஊன்றி ஊன்றி வீதியைக் கடந்து வந்தார். பார்த்துவிட்டு, "தம்பி கைராசிக்காரரு" என்றார். பிறகு கொக்கி மேலே போனது. பை நிறையப் பறித்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அன்றைக்குக் காதில் கருவியும் இல்லை. காபி ஆறிப்போனது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாளும் பறித்தார்கள். அதற்கு அடுத்த நாளும். பிறகு வரவில்லை.

இது என்ன, கிணத்துக்கடவா? பொள்ளாச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தண்ணீர் குடிக்கிறீர்களா? சரி.

வராததை நான் முதலில் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். பூவெல்லாம் செடியிலேயே நின்று சாயங்காலம் தானாகச் சுருங்கியது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிறகு ஒருநாள் துணி வாங்கிக்கொண்டு வரப் போனேன். வீதி முனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற மரகதம், "திருமூர்த்தி அய்யா சேதி கேட்டீங்களா சார்?" என்றாள்.

வாந்தியாம். எழுந்து நிற்க முடியாமல் தலைசுற்றலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதற்கு, தினமும் காலையில் செம்பருத்திக் கஷாயம் கொடுப்பதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். டாக்டர் கோபமாகிவிட்டாராம். இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இஷ்டத்துக்கு எதையாவது காய்ச்சிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று. கோமங்கலத்திலிருந்து மகள் வந்திருக்கிறாள், மேகலா. வீட்டை ஒழித்துக்கொண்டு இரண்டு பேரையும் அழைத்துப் போகிற அன்றைக்கு வீதியே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாளாம்.

"'எங்கப்பனக் கொல்லப் பாத்தீங்களேம்மா, இனி என் வூட்டுல அடுப்படிப் பக்கம் வரக் கூடாது'ன்னு பேசுதுங்க சார் அந்தப் புள்ள" என்றாள் மரகதம். "பெத்த தாயிங்க. அந்தம்மா ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. கஷாயம் வெக்கற சட்டியக் கழுவிக் கவுத்து வெச்சுப்போட்டு, எங்கிட்ட வந்து, 'நாந்தான் மரகதம், ஏதோ ஒண்ணைத் தப்பாப் போட்டுட்டனாட்ட இருக்குது'ங்குது. அழுவக்கூட இல்லீங்க."

அய்யா பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், உங்கள் முகம் மாறுகிறது. பிழைத்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறாராம்.

அது பூவால்தான் வந்தது என்று யார் சொல்ல முடியும்? முந்தின நாள் கல்யாண விருந்துக்குப் போயிருக்கிறார்கள். வயசானவர். மாத்திரை வேறு. நான் தேடித் தேடிப் படித்தேன். நாலு இதழில் எவ்வளவு மருந்து ஏறியிருக்கும், கொதித்தால் எவ்வளவு மிஞ்சும்? ஓரிடத்தில் சாத்தியமே இல்லை என்றிருந்தது. இன்னோரிடத்தில் இருக்கலாம் என்றிருந்தது. சாத்தியமே இல்லை என்கிற பக்கத்தைப் பலமுறை படித்தேன்.

அன்றைக்கே போர்டு எழுதி மாட்டினேன். 'மருந்து விடப்பட்டுள்ளது, பூ பறிக்காதீர்.' சுகந்தி வாசலில் நின்று படித்துவிட்டு, "பறிக்கிறவங்கதான் ஊரைவிட்டே போயிட்டாங்களே, இப்ப யாருக்குப் போர்டு?" என்றாள். காலையில் எழுந்ததும் எல்லாப் பூவையும் நானே பறித்துக் குழியில் போட்டு மூடினேன். அவள் அதையும் பார்த்தாள். நேற்று இந்தச் செடியை நர்சரியிலிருந்து அவளே வாங்கி வந்தாள். "அந்தம்மாவைப் போய்ப் பாத்துட்டு வாங்க. ஆசையாப் பறிச்ச பூ. அங்க வெச்சுக்கட்டும்" என்றாள். மனைவிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செடியைக் கொடுப்பது, நலம் விசாரிப்பது, காபி குடிப்பது, அடுத்த பஸ். இதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். காபி போட்டுக் கொண்டு வருவது மகளாகத்தான் இருக்கும், அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். நான் செம்பருத்தியைக் கொண்டு போய் நீட்டுவேன். அந்த வீட்டில். அதை நினைத்துப் பார்க்கவே இல்லை பாருங்கள், உக்கடத்தில் பஸ் ஏறுகிற வரைக்கும். மகள் அந்தச் செடியைப் பார்ப்பாள், பிறகு அம்மாவைப் பார்ப்பாள்.

பொள்ளாச்சியே தாண்டிவிட்டதா? பேச்சில் தெரியவில்லை.

பையில் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். அந்த பாட்டில்தான். பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். சுகந்திக்குத் தெரியாது. எதற்கு எடுத்து வைத்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. குப்பையில் போட வேண்டாமே, குழந்தைகள் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பேன். லேபிள் கிழியவில்லை. மருந்தின் பெயர், எத்தனை நாள் பூவைத் தொடக் கூடாது என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு டாக்டரிடம் காட்டினால் படித்துச் சொல்லிவிடுவார்.

அந்த அம்மா ஏன்னா என்று சொன்னது மறந்துபோய்விட்டது என்றேன். மறக்கவில்லை. கருவியில் யாரோ இருமினார்கள், பேச்சு நின்றது, அந்த இடைவெளியில் முழுக்கக் கேட்டது. "ஏன்னா இதைத்தானுங்க காய்ச்சி எங்கூட்டுக்காரருக்குக் காலையில குடுக்கறேன். நெஞ்சுக்கு நல்லதாமா. பூச்சி மருந்து கிருந்து ஏதாச்சும் அடிச்சீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க தம்பி."

அதற்குத்தான் கையை ஆட்டினேன். சரி என்கிற மாதிரி.

இந்தச் செடியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உடுமலையில் உங்கள் வாசலில் இடம் இருக்கிறதென்றீர்களே, வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். நர்சரிக்காரர்கள் என்ன மருந்து விட்டிருப்பார்களோ தெரியாது, இந்த வருஷப் பூவை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். கண்டக்டர், கோமங்கலம் இறங்கணும்.